அடி என்ற சொல் இல்லாத வீடு

திருச்சி மெயின்கார்டு கேட்டிலிருந்து நான் நூறு எட்டு எடுத்து வைத்த பிறகும் அப்பா என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. மணி ஆறரை ஆகவில்லை. ஐந்தரை முதல் ஆறரை வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். திரும்பிப் பார்த்தேன். ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். நான் கொடுத்துவிட்டு வந்த அட்டையை, எங்களோடு வந்து நிற்கும் தபால்காரர் தன் அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை. நான் பெரிய கடைவீதிக்குள் நுழைந்து காந்தி மார்க்கெட் பக்கமாக நடந்தேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தோளில் ஒரு மஞ்சள் பை. போகிற இடம் அரியமங்கலம், அக்கா வீடு. நல்ல கார்த்திகை மாதம், ரோடெல்லாம் ஈரம்.

நம் வயதுக்காரர்களுக்கு நடப்பது ஒரு விஷயமே இல்லை. அதற்கப்புறம் நான் நிறைய நடந்திருக்கிறேன். லாரியின் மேல் படுத்து ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஒரு வருஷம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாட்டில் இருந்திருக்கிறேன். அதைப் பற்றியெல்லாம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பசித்தது, அப்புறம் சாப்பிட்டேன், அவ்வளவுதான். இந்த ஒரு நடையை மட்டும் எழுதலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லாமல் போனதால் வந்த நடை அது.

அந்த வருஷம் கோடையில் வடக்கே பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். நீங்களும் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். அப்பா மின்சார ஆபீஸில் கிளார்க். ஆபீஸில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்களாம். அப்பா அதை வாங்காமல் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் ஓய்வுபெற்ற காலேஜ் வாத்தியார் ஒருவர் ஆரம்பித்த சமாதானக் கமிட்டியில் சேர்ந்தார். சேர்ந்தவர் தனியாகச் சேரவில்லை. அம்மா, அக்கா, நான் மூன்று பேரையும் சேர்த்தே சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டுக்கு வருவோம். ஆளுக்கு ஒரு அட்டை. என் அட்டையில் ‘போர் வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். ஒரு மணி நேரம் பேசாமல் நிற்க வேண்டும். அம்மா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. தெரிந்தவர்கள் யாராவது வந்தால் அட்டையால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

முதல் வாரம் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று என் அட்டையைப் படித்தார்.

“எந்தத் தியேட்டர்ல ஓடுது?”

நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் வண்டி போட்டிருந்த கடலைக்காரர்தான் சொன்னார்.

“படம் இல்லண்ணே. ஏதோ வேண்டுதல் போல. பாவம், பேசக் கூடாதாம்.”

சைக்கிள்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனி மாதத்தில் அப்பா அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வரிசையாக உட்கார வைத்துச் சொன்னார்.

“ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல செஞ்சு பாக்கணும். சண்டை கையில பொறக்கறதில்ல, வாயிலதான் பொறக்குது. வாயை முதல்ல சுத்தம் பண்ணுவோம்.”

அடி, உதை, குத்து, அறை, வெட்டு, சுடு, கொல். ஏழு சொற்களை வெள்ளைத்தாளில் அழகாக எழுதிச் சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டினார். எந்த அர்த்தத்திலும் இந்த ஏழும் வீட்டுக்குள் வரக் கூடாது. யாராவது சொல்லிவிட்டால் தண்டனை கிடையாது, தண்டனையே வன்முறைதான் என்பது அவர் கட்சி. அதற்குப் பதிலாக வீட்டில் இருக்கிற எல்லோரும் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் மௌனமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு டைம்பீஸ் வைத்திருந்தார். பச்சை நிறம், ஒரு கால் உடைந்து தீப்பெட்டியில் முட்டுக்கொடுத்து நிற்கும். சாவி முறுக்கும் சத்தம் கேட்டால் நாங்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். அது இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தச் சாவிச் சத்தம் மட்டும் காதில் அப்படியே இருக்கிறது.

ஏழே சொற்கள்தானே என்று நினைத்தோம். ஒரு நாள் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அடி இல்லாமல் தமிழில் பாதி வேலை நடக்காது. வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார்கள். தோசை சுட வேண்டும், முடி வெட்ட வேண்டும். முதல் நாள் பதினோரு தடவை உட்கார்ந்தோம். அம்மாவுக்கு அக்காவை “அடியே” என்று கூப்பிடாமல் ஒரு காரியமும் ஓடாது. ரசம் பொங்கி அடுப்பை அணைக்கும், நாங்கள் நான்கு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம்.

மாற்றுச் சொல் கண்டுபிடிப்பதில் அக்காதான் கெட்டிக்காரி. தோசையை ஊற்று, வடையைப் போடு என்பதெல்லாம் யாருக்கும் வரும். சைக்கிளுக்குக் ‘காத்து ஊட்டணும்’ என்று சொன்னது அவள். முடி வெட்டிக்கொள்வதற்குத் ‘தலை குறைக்கறது’ என்றாள். மணி அடித்துவிட்டது என்பதற்கு ‘மணி பேசிடுச்சு’. தெருமுனை அடிபம்புக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர் வைத்தாள், கைப்பிடி தலையாட்டுவதால். ஆவணிக்குள் நாங்கள் நான்கு பேரும் வேறு ஒரு பாஷையே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில் வெளி வீதி ஒன்றில், ஒரு வைஷ்ணவர் வீட்டின் பின்கட்டில். கோயிலில் கைங்கரியம் செய்பவர். ஒரு நாள் காலை வாசலில் என்னைப் பார்த்து, “அம்பி, அப்பா எழுந்ததும் அடியேன் வந்துட்டுப் போனேன்னு சொல்லு” என்றார். நான் பழக்கத்தில் வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னடா இது? தலை சுத்தறதா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் பயந்துபோய்ச் சொம்புத் தண்ணீரை முகத்தில் தெளித்தார். மனசுக்குள் ஐந்து நிமிஷம் எண்ணி முடித்த பிறகு சொன்னேன்.

“நீங்க அந்த வார்த்தை சொன்னீங்க மாமா.”

சாயங்காலம் அவர் அப்பாவிடம் வந்தார்.

“அடியேன்னா பெருமாள் திருவடியிலே கிடக்கறவன்னு அர்த்தம், ஸ்வாமி. தேவரீர் அதையும் எடுத்துட்டா, அடியேன் யாருன்னுதான் சொல்லிக்கறது?”

அப்பா இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் கதவிலிருந்த தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘பாதம் என்ற பொருளில் வந்தால் பாதகமில்லை.’

அதே வாரம் அம்மா அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து, “ஐயோ, சுட்டுடுச்சு” என்றாள். அப்பா கூடத்திலிருந்தே சாவியை முறுக்கினார். ஐந்து நிமிஷம் அம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அக்காவும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினோம். இத்தனை வருஷத்தில் அது என் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தது.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசினார். நகக்கண்ணில் கிரீஸ். எனக்கென்று லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். மயிலிறகு மாதிரி நீலமாக மின்னியது. அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“துப்பாக்கி, தோட்டா, அந்த மாதிரி ஆர்டர் ஏதாவது எடுக்கறீங்களா?”

“இல்லீங்க. தண்ணி பம்புக்குத்தான் பாகம் செய்யறோம்.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் போன பிறகு அம்மா, “கோவம் எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிங்க” என்றாள்.

“தண்ணி பம்பு செய்யற மனுஷனுக்கு என்ன கோவம் வரப் போகுது” என்றார் அப்பா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா தனியாக வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். அம்மா தண்ணீர் கொடுத்து, “என்னம்மா, அவரு வரலையா?” என்று கேட்டாள். அக்கா குடித்து முடித்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் உட்கார்ந்தாள்.

“அவருக்கு என்னைக் கண்டா கை...” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். வேறு மாதிரி ஆரம்பித்தாள். “கை நீளுது. இல்ல, நீளுதுன்னா உனக்குப் புரியாது.” அவள் பார்வை கதவின் பின்னாலிருந்த தாளில் போயிற்று. ஏழு சொற்களையும் மேலிருந்து கீழே படித்தாள். சிரித்தாள்.

“இதுக்கு நாம மாத்து வார்த்தை கண்டுபிடிக்கலையே, தம்பி” என்றாள் என்னிடம்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

“அவர் என்னை அடிக்கிறார்ப்பா.”

அப்பாவின் கை தானாக அலமாரிக்குப் போயிற்று. டைம்பீஸை எடுத்தார், சாவியை முறுக்கினார், தரையில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் எல்லோருமே உட்கார்ந்துவிட்டோம், அக்காவும்தான். எனக்குத்தான் கண்ணை மூட முடியவில்லை. அக்காவின் இடது மணிக்கட்டில் வளையலுக்கு மேலே நான்கு விரல் தடம் பழுத்துக் கருத்திருந்தது. ஐந்து நிமிஷமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பேசியது.

“நான் பேசறேன்” என்றார் அப்பா.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். வெடி வாங்கி வந்திருந்தார். அப்பா அதை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். கமிட்டியில் அவர் கற்றுக்கொண்ட முறை ஒன்று இருந்தது. ஒருவர் மற்றவர் தப்பைச் சொல்லக் கூடாது, தன் தப்பை மட்டும் சொல்ல வேண்டும்.

“கோவம் வந்துடுது மாமா. அப்புறம் எனக்கே கஷ்டமா இருக்கு” என்றார் மாப்பிள்ளை. அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“நீ சொல்லும்மா” என்றார் அப்பா.

அக்கா ரொம்ப நேரம் யோசித்தாள்.

“சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா போட்டுட்டேன்.”

அப்பா இரண்டையும் எழுதினார். கீழே, ‘இனி இருவரும் பொறுமை காப்போம்’ என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை பாத்திரம் கழுவினாள்.

அக்கா இன்றும் அரியமங்கலத்தில்தான் இருக்கிறாள். மச்சான் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். “எழுது. ஆனா சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு மட்டும் போடாத. அது பொய்” என்றாள்.

கார்த்திகைக்குப் பொரி, வெல்லம், விளக்கு எல்லாம் கட்டி அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். அது புதன்கிழமை. அக்கா கதவைத் திறந்தாள். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, வரும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“புரட்டாசில மாமியார் வந்து பதினஞ்சு நாள் இருந்தாங்கல்ல, அப்ப ஒண்ணுமே இல்லடா. வீட்டுல இன்னொரு ஆள் இருந்தா அவருக்குக் கை எழாது. வெக்கப்படறாரு.”

பஸ் வந்துவிட்டது.

அப்பாவிடம் விரல் கட்டைச் சொன்னேன்.

“ஒப்பந்தம் போட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது. சமாதானம் ஒரே நாள்ல வராது. பொறுமை வேணும்” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது தனக்குத் தலைவலி, வரவில்லை என்றாள். என் கையில் மஞ்சள் பையைக் கொடுத்தாள்.

“ரெண்டு சட்டை, ரெண்டு டவுசர் வச்சிருக்கேன். மழை வந்தாலும் வரும்.”

ஒரு மணி நேரத்து மழைக்கு இரண்டு டவுசர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மாவை வாயில்லாதவள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அன்று நிற்க ஆரம்பிப்பதற்கு முன் அப்பா கமிட்டிக்காரர்களிடம் அந்த ஒப்பந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினார். பெயர் எதுவும் சொல்லவில்லை, ‘ஒரு குடும்பம்’ என்றார். வாத்தியார் தலையசைத்து, “இதுதான் சார் நிஜமான வேலை. இதுல எனக்கு ஒரு நகல் எழுதிக் கொடுங்க” என்றார். தபால்காரர் கை தட்டினார். ஐந்தரை ஆயிற்று. எல்லோரும் அட்டையைத் தூக்கினோம். நான் பத்து நிமிஷம் நின்றிருப்பேன். அப்புறம் என் அட்டையைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

காந்தி மார்க்கெட்டைத் தாண்டும்போது வெங்காய மூட்டை நனைந்த வாசனை. தஞ்சாவூர் ரோட்டில் லாரிகள் சேற்றை வாரி இறைத்தன. அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. கால் வலிதான் இருந்தது. குண்டு பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி என்றே அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். முட்டி தேய்ந்து முடியாமல் போகிறவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போய் நின்றார். கடைசியில் ஒரே ஆளாக நின்றார். உலகத்தில் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று நினைத்த மனிதருக்குத் தன் பெண்மேல் விழுந்த ஒன்று காதில் விழவில்லை. விழாதபடி அவரே காதைத் தயார்செய்து வைத்திருந்தார்.

அக்கா கதவைத் திறந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

“நீ எங்கடா இங்க?”

“இருக்கலாம்னு வந்தேன்.”

“எத்தனை நாளு?”

“தெரியல.”

பையை வாங்கித் திறந்து பார்த்தாள். டவுசர்கள் மடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். அம்மா மடிப்பை யாரும் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே போய் இன்னும் அரைப் படி அரிசி களைந்தாள். மச்சான் வந்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் முன் ரூமில் பாயைப் போட்டுக்கொண்டேன்.

காலையில் அவர் கிளம்பியபோது நானும் பின்னாலேயே போனேன். பட்டறை நாலு தெரு தள்ளி. பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார்.

“ஸ்கூலு?”

“போகல மச்சான். வேலை கத்துக்கறேன்.”

“உங்கப்பா தேடிக்கிட்டு வருவாரு.”

“வருவாரு. வந்தா மரியாதையாத்தான் பேசுவாரு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேஸ்ட் துணியால் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

“கூலி கிடையாது. சோறு உண்டு. வெளியூர்ப் பசங்க ரெண்டு பேரு இங்கயே படுத்துக்கறானுங்க. நீயும் அவனுங்களோட படுத்துக்க.”

“இல்ல மச்சான். நான் அக்கா வீட்டுலயே படுத்துக்கறேன்.”

“அங்க எடம் ஏது?”

“முன் ரூமு போதும். சாப்பாடும் அங்கதான். நீங்க வரும்போது வரேன், போகும்போது போறேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நானும் பார்வையை எடுக்கவில்லை. வெளியூர்ப் பையன் ஒருவன் பாயைச் சுருட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மச்சான்தான் முதலில் தலையைக் குனிந்தார். மேஜைக்கடியிலிருந்து ஒரு அரத்தை எடுத்து நீட்டினார்.

பம்பு வார்ப்புகளின் ஓரத்துப் பிசிறைத் தேய்த்து எடுக்கிற வேலை. வாசல் பக்கம் ஒரு குவியல் கிடந்தது. அதன் பக்கத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. மத்தியானம் அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பியபோது நானும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே எழுந்து போனேன்.